தொட்டியை அப்கிரேடு பண்ணீங்க, மூளையை?

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். கஞ்சாவைப் பத்தி. "டாக்டர் மறுபடியும் அட்வைஸா"ன்னு ஓடிடாதீங்க. இன்னைக்குத் திட்டப்போறது தெருமுனையில பொட்டலம் வாங்குறவங்களை இல்ல. வீட்டு ரூமுக்குள்ள தொட்டி, லைட்டு, ஃபேன் எல்லாம் செட் பண்ணிட்டு, "ஹைட்ரோ ப்ரோ, சுத்தமானது, கெமிக்கலே இல்ல"ன்னு ஊருக்கு வகுப்பெடுக்கிற படிச்ச கூட்டத்தை.

2/
போன வருஷம் ஒரு அம்மா தன் 22 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தாங்க. மூணு நாளாத் தூக்கம் இல்ல. ரூம் ஃபேன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுதுன்னான். பக்கத்து வீட்டுக்காரர் தன் மனசுல ஓடுறதை போன் வழியாப் படிக்கிறார்னு உறுதியா நம்பினான். அதுக்கு முன்னாடி ஒரு மனநலப் பிரச்சனையும் இல்ல. (ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

3/
"ஏதாவது பழக்கம் உண்டா?"ன்னு கேட்டேன். அம்மா பதறிட்டாங்க. "அதெல்லாம் கிடையாது டாக்டர். ரூம்ல தண்ணியிலயே கீரை வளர்க்கிறான். மண்ணே வேணாமாம். அக்கம்பக்கத்துல எல்லாம் பெருமையா சொல்லியிருக்கேன். கரண்ட் பில்லுதான் கொஞ்சம் கூட வருது."
பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

4/
அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிட்டு அவன்கிட்ட பேசினேன். மறைக்கல. ரெண்டு வருஷம் வெளியே வாங்கிப் புகைச்சிருக்கான். "அதுல என்னத்தைக் கலக்குறாங்கன்னே தெரியாது டாக்டர். அதான் நானே வளர்க்க ஆரம்பிச்சேன்." அப்புறம் நல்ல லைட்டு, பெரிய பம்பு, வெளிநாட்டு ரக விதைன்னு ஒவ்வொண்ணா மாத்தியிருக்கான். கடைசி நாலு மாசம் தினமும். "ஹெல்த்துக்காகத்தான் டாக்டர் இதுக்கு மாறினேன்."
அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த த்ரெட்.

5/
முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். ஹைட்ரோபோனிக்ஸ் குற்றவாளி இல்ல. வேருக்கு வேண்டிய சத்தைத் தண்ணியில கரைச்சுக் கொடுக்கிற, மண் தேவைப்படாத விவசாயம். கீரை, தக்காளி, ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அப்படி வளருது. மாடியில புதினா போடுறீங்களா? சந்தோஷம். என் சண்டை அந்த முறையோட இல்ல. அதை வெச்சு சொல்ற பொய்யோட.

6/
பொய் நம்பர் 1: "கெமிக்கல் இல்ல."
அப்போ அந்த டேங்க்ல ஊத்துறது என்ன, பன்னீரா? கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் உப்பு, மக்னீசியம் சல்பேட். எல்லாம் உரம்தான். அந்த உரம் விஷம்னு நான் சொல்லல. ஆனா முழுக்க முழுக்க ரசாயன உப்புக் கரைசல்ல வளர்ற செடியைக் காட்டி "நேச்சுரல்"னு சொல்ல ஒரு தனி தைரியம் வேணும்.

7/
மூடின ரூம், ஈரக் காற்று, நெருக்கமான செடி. பூஞ்சைக்கு இதைவிட நல்ல மாமியார் வீடு கிடையாது. ஆஸ்பர்ஜிலஸ் மாதிரி பூஞ்சை உள்ள பூவைப் புகைச்சா, எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கு நுரையீரல் தொற்று வரலாம்.
பூஞ்சைக்கு மருந்து அடிச்சா இன்னும் மோசம். மைக்ளோபியூட்டனில்னு ஒரு பூஞ்சைக்கொல்லி. திராட்சைக்கு அடிப்பாங்க, கழுவிச் சாப்பிடலாம். அதையே பத்த வெச்சா ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும். சாப்பிடுற பொருளுக்கான பாதுகாப்பு விதி, எரிச்சு நுரையீரலுக்குள்ள இழுக்கிற பொருளுக்குச் செல்லாது.

8/
கனடா மாதிரி சட்டபூர்வமா விக்கிற நாடுகள்ல பூவை லேபுக்கு அனுப்புறாங்க. பூச்சிமருந்து, பூஞ்சை, கன உலோகம், டிஎச்சி அளவு எல்லாம் பார்த்து பாக்கெட் மேல அச்சடிக்கிறாங்க. உங்க ரூம்ல எந்த லேப் இருக்கு தம்பி? "நானே வளர்த்தேன்"ங்கிறது பாசம். பரிசோதனை முடிவு இல்ல.

9/
இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். நூறு சதவீதம் சுத்தமாவே இருக்கட்டும். பூஞ்சை இல்ல, பூச்சிமருந்து இல்ல, கலப்படம் இல்ல. அப்பவும் என் கேள்வி ஒண்ணுதான்: டோஸ் என்ன?
சுத்தம்ங்கிறது வேற, அளவுங்கிறது வேற. சுத்தமான இன்சுலினை அளவில்லாமப் போட்டா ஆள் காலி.

10/
கஞ்சாவுல போதை தர்ற முக்கியப் பொருள் டிஎச்சி. 1964ல இஸ்ரேல்ல கவோனி, மெக்கூலம்னு ரெண்டு விஞ்ஞானிகள் பிரிச்செடுத்தாங்க. அதே செடியில சிபிடின்னு இன்னொண்ணு இருக்கு. அது போதை தராது. டிஎச்சியோட சில மோசமான விளைவுகளைக் கொஞ்சம் தணிக்கலாம்னு சில ஆய்வுகள் சொல்லுது.

11/
அமெரிக்காவுல பறிமுதல் பண்ணின கஞ்சாவை வருஷா வருஷம் மிசிசிப்பி பல்கலைக்கழகம் சோதிக்குது. 1995ல சராசரி டிஎச்சி சுமார் 4 சதவீதம். 2014ல சுமார் 12. அதே காலத்துல சிபிடி கிட்டத்தட்ட காணாமலே போச்சு. இன்னைக்கு வீட்டுக்குள்ள கவனிச்சு வளர்க்கிற ரகங்கள் 20 சதவீதத்தைத் தொடுறது சாதாரணம்.
அதாவது ஆக்ஸிலரேட்டரை அஞ்சு மடங்கு ஏத்தியாச்சு. பிரேக்கைக் கழட்டியாச்சு.

12/
கணக்குப் போடுவோம். அரை கிராம் கஞ்சா. 4 சதவீதம்னா 20 மில்லிகிராம் டிஎச்சி. 20 சதவீதம்னா 100 மில்லிகிராம். எரியும்போது பாதிக்கு மேல வீணாகும், சரி. அது ரெண்டுலயும்தான் வீணாகும்.
கீமோதெரபி வாந்திக்கு டிஎச்சியையே மாத்திரையா டாக்டருங்க எழுதுறாங்க. ட்ரோனாபினால். அமெரிக்காவுல 1985ல அனுமதி கிடைச்சது. அது எத்தனை மில்லிகிராம் தெரியுமா? 2.5, 5, 10. அவ்வளவுதான்.

13/
இங்க ஒரு அறிவாளி வருவார்: "டாக்டர், டிஎச்சியை முடிவு பண்றது விதை ரகம்தான், ஹைட்ரோபோனிக்ஸ் இல்ல. உங்களுக்கு பயாலஜி தெரியல."
தெரியும் சார். நீங்க சொல்றது பெரும்பாலும் சரிதான். ஆனா லைட்டுக்கும் பம்புக்கும் ஃபில்டருக்கும் அவ்வளவு காசு கொட்டினவன் எந்த விதையைத் தேடுவான்? 4 சதவீத ரகத்தையா? அந்த அப்கிரேடு ஒவ்வொண்ணும் எதுக்கு? பூ பெருசாகணும், பிசின் கூடணும், வருஷத்துக்கு அறுவடை கூடணும். யாரும் டோஸைக் குறைக்க அப்கிரேடு பண்றதில்ல.

14/
செடியை அப்கிரேடு பண்ணிட்டீங்க. அதை வாங்கிக்கிற மூளை?
நம்ம மூளையில சிபி1னு ஒரு ஏற்பி இருக்கு. ஞாபகம், யோசனை, பயம், நேரம் பத்தின உணர்வு எல்லாத்தையும் நிதானப்படுத்துற வேலை. அதுக்காக மூளை தானே ஒரு பொருளைத் துளித்துளியா சுரக்குது. 1992ல அதைக் கண்டுபிடிச்சவங்க "ஆனந்தமைடு"ன்னு பேர் வெச்சாங்க. நம்ம ஆனந்தம்தான். வேலை முடிஞ்சதும் உடனே கரைஞ்சு போயிடும். டிஎச்சி அப்படிப் போகாது. உட்கார்ந்துக்கும்.

15/
பதின்ம வயசுல தொடங்கி 25 வயசு வரைக்கும் மூளையோட முன்பகுதி இன்னும் கட்டிமுடிக்காத வீடு. வயரிங் நடந்துட்டு இருக்கு. அந்த நேரத்துல தினமும் 100 மில்லிகிராம் டிஎச்சியை உள்ள விடுறது, கான்கிரீட் காயுறதுக்கு முன்னாடி லாரியை ஏத்துற மாதிரி.

16/
ஆதாரம் கேப்பீங்க. கேக்கணும்.
1987, ஸ்வீடன். ராணுவத்துக்கு ஆளெடுத்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பல வருஷம் தொடர்ந்தாங்க. 18 வயசுக்குள்ள 50 தடவைக்கு மேல கஞ்சா எடுத்தவங்களுக்கு ஸ்கிசோஃப்ரினியா வர்ற வாய்ப்பு 6 மடங்கு.
2019, லான்செட் சைக்கியாட்ரி. ஐரோப்பாவுலயும் பிரேசில்லயும் 11 இடங்கள். கஞ்சாவே தொடாதவங்களோட ஒப்பிட்டா, தினமும் எடுக்கிறவங்களுக்கு மனப்பிறழ்வு வாய்ப்பு சுமார் 3 மடங்கு. 10 சதவீதமோ அதுக்கு மேலயோ டிஎச்சி உள்ளதைத் தினமும் எடுத்தா சுமார் 5 மடங்கு.

17/
அதே ஆய்வுல இன்னொரு கணக்கு. அதிக வீரியக் கஞ்சா மட்டும் புழக்கத்துல இல்லேன்னா, முதல் தடவையா மனப்பிறழ்வு வர்றவங்க எண்ணிக்கை லண்டன்ல சுமார் 30 சதவீதம், ஆம்ஸ்டர்டாம்ல சுமார் 50 சதவீதம் குறைஞ்சிருக்கலாம்னு மதிப்பிட்டாங்க. ஆம்ஸ்டர்டாம் எதுக்குப் பேர்போன ஊர்? வீட்டுக்குள்ள, லைட்டுக்கடியில வளர்த்த வீரிய ரகத்துக்கு.

18/
நியாயமா பேசணும். தொடர்பு வேற, காரணம் வேற. பரம்பரை, சின்ன வயசு அனுபவம், புகையிலை இதெல்லாமும் உள்ள இருக்கு. ஏற்கெனவே மனசு தடுமாறுறவங்கதான் கஞ்சாவைத் தேடுறாங்கங்கிற வாதமும் உண்டு. கஞ்சா எடுக்கிற பெரும்பாலானவங்களுக்கு மனப்பிறழ்வு வர்றதில்ல. இதையெல்லாம் ஒத்துக்கிறேன்.
ஆனா அந்த "சிலர்"ல நீங்க இருக்கீங்களான்னு முன்கூட்டியே சொல்ற டெஸ்ட் எங்கிட்ட இல்ல. யார்கிட்டயும் இல்ல. வந்தப்புறம்தான் தெரியும்.

19/
"கஞ்சா அடிச்சு யாரும் செத்ததில்ல டாக்டர்."
அபின், ஹெராயின் மாதிரி மூச்சை நிறுத்தாது, உண்மை. மூச்சைக் கட்டுப்படுத்துற இடத்துல சிபி1 ஏற்பி ரொம்பக் குறைவு. ஆனா சாகல, அதனால சரிங்கிற அளவுகோலை உங்க சாப்பாட்டுக்கு வெப்பீங்களா? கஞ்சாவால மனப்பிறழ்வு வந்தவங்கள்ல சுமார் மூணுல ஒருத்தருக்குப் பின்னாடி ஸ்கிசோஃப்ரினியாவா மாறுது. ஆள் உயிரோடதான் இருப்பான். படிப்பு, வேலை, நண்பர்கள் எல்லாம் போயிருக்கும்.

20/
இன்னொண்ணு. தினமும் எடுக்கிற சிலருக்கு விடாத வாந்தி வரும். வயித்துவலி, எண்டோஸ்கோபி, ஸ்கேன், எல்லாம் நார்மல். சுடுதண்ணில மணிக்கணக்கா குளிச்சா மட்டும் அடங்கும். 2004ல ஆஸ்திரேலியா டாக்டர்கள் இதை முதல்ல விவரிச்சாங்க. மருந்து? கஞ்சாவை நிறுத்துறது. நோயாளி என்கிட்ட சொல்றது: "டாக்டர், கஞ்சா வாந்தியைக் குறைக்கும்னு நெட்ல போட்டிருக்கே." டோஸ் தெரியாத மருந்தோட கதி இதுதான்.

21/
"சித்த மருத்துவத்துலயே இருக்கே!"
இருக்கு. சுத்தி செஞ்சு, மத்த மூலிகைகளோட சேர்த்து, அளவு பார்த்து, நோய் பார்த்து, வைத்தியர் கொடுப்பார். அதுக்கும் நீங்க மெத்தைப் பக்கத்துல தொட்டி வெச்சு ராத்திரி முழுக்க இழுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? பாட்டன் பேரைச் சொல்லித் திருட்டு மாங்காய் தின்னாதீங்க.

22/
படிச்சவங்களுக்கு இது தெரியாதான்னா, தெரியும். 2023 ஜூன்ல கர்நாடகாவுல, சிவமொக்காவுல, வாடகை வீட்டுக்குள்ள ஹைடெக்கா கஞ்சா வளர்த்ததா மருத்துவ மாணவர்களையே போலீஸ் கைது பண்ணுச்சு. எங்க ஆட்கள். அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு எனக்குக் கோபத்தைவிட வெக்கம்தான் அதிகம். டோஸ்ங்கிற வார்த்தையை முதல் வருஷத்துலயே கத்துக்கிற கூட்டம் நாங்க.

23/
சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. "சொந்த உபயோகத்துக்கு ஒரே ஒரு செடி"ன்னு எந்தச் சலுகையும் இங்க இல்ல. 1985 போதைப்பொருள் சட்டம், 20வது பிரிவு: அனுமதியில்லாம கஞ்சாச் செடி வளர்த்தா 10 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். ஜெர்மனியில 3 செடி, கனடாவுல 4 செடின்னு ரீல்ஸ் போடுறவன் உங்களுக்கு ஜாமீன் எடுக்க வரமாட்டான்.

24/
அதே சட்டத்துக்கிட்ட எனக்கும் சண்டை இருக்கு. அது கஞ்சாவை எடை போடுது, வீரியத்தைப் பார்க்கிறதில்ல. 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோன்னா வணிக அளவு. பொட்டலத்துல 4 சதவீதமா 20 சதவீதமான்னு கேள்வியே இல்ல. பாங்காக்ல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு "உயர் ரக" கஞ்சா வந்து பிடிபடுற செய்தி மாசத்துக்கு நாலு வருது. செய்தியில மதிப்பு எத்தனை கோடின்னு போடுறாங்க. டிஎச்சி எவ்வளவுன்னு யாரும் போடுறதில்ல. "உயர் ரகம்"னு பேர் வேற. விளம்பரமா அது?

25/
பெத்தவங்களுக்கு. அடிக்காதீங்க. ரூமைப் பூட்டாதீங்க. பேய் பிடிச்சிருக்குன்னு வாரக்கணக்கா அலையாதீங்க. தூக்கம் போறது, தேவையில்லாத சந்தேகம், தனியா பேசுறது, குரல் கேக்குதுங்கிறது, இதெல்லாம் வந்தா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க. எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது.
போலீஸ் பயமா? தானா முன்வந்து சிகிச்சை எடுக்கிற, போதைக்கு அடிமையானவங்களுக்கு அதே சட்டத்தோட 64ஏ பிரிவுல வழக்குல இருந்து விலக்கு உண்டு. சிறு அளவு, சொந்த உபயோகம் வரைக்கும்தான். செடி வளர்த்த வழக்குக்கு வக்கீலைப் பாருங்க.

26/
போன் பண்ணிப் பேசணுமா? 14416, டெலி மானஸ், மனநலத்துக்கு. 14446, போதை மீட்புக்கு. ரெண்டும் இலவசம்.
தம்பிகளுக்கு: 25 வயசுக்குள்ள இருந்தாலோ, வீட்டுல யாருக்காவது மனநோய் இருந்தாலோ, உங்களுக்குப் பாதுகாப்பான அளவுன்னு நான் சொல்லக்கூடிய நம்பர் பூஜ்யம்.

27/
அந்தப் பையன் இப்போ பரவாயில்ல. மாத்திரை சாப்பிடுறான். நடுவுல ஒரு தடவை நிறுத்திட்டு மறுபடி இழுத்து, மறுபடி வந்தான். இந்தத் தடவை நாலு மாசமா தொடல. காலேஜ்ல ஒரு வருஷம் போச்சு. தொட்டியை அவனே கழட்டி எடைக்குப் போட்டுட்டானாம்.

28/
போன வாரம் அம்மா மட்டும் தனியா கேட்டாங்க: "கீரைன்னு நம்பினேனே டாக்டர், என் தப்புதானே?"
இல்லம்மா. உங்க பையன்கூட ஒருவிதத்துல கீரைன்னுதான் நம்பினான். சுத்தமானது, நல்லதுன்னு அவனை நம்ப வெச்சாங்க. தப்பு அப்படி நம்ப வெச்சவங்க மேல.
அவங்க இதைப் படிக்கணும். அதுக்காகவாவது பகிருங்க.