நகர் வாசலில் பெரிய கடை... குடியிருப்பவர்களை யார் கேட்பது?

தாம்பரம்:
நேற்று வரைக்கும் காலி மனை. இன்று காலையில் பார்த்தால் சுற்றிலும் தகர ஷீட்டு, உள்ளே ஜே.சி.பி. "என்னங்க வருது?" என்று கேட்டால் வாட்ச்மேனுக்கே தெரியாது. போர்டு மாட்டும் நாளில்தான் அது சூப்பர் மார்க்கெட்டா, ஜவுளிக்கடையா என்று நகர்க்காரர்களுக்குத் தெரிய வரும்.

சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று புறநகர் முழுக்க இதே கதைதான். பல நகர்களுக்கு ஒரே வாசல். அங்கேதான் பிள்ளையார் கோவில், ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு, டிபன் வண்டி, பூக்காரம்மா எல்லாம். ஸ்கூல் வேன் திரும்புவதும் அங்கேதான். ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்த வழியாகத்தான் வரணும்.

கடையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரிசி, பருப்பு நாலு ரூபாய் குறைந்தால் நல்லதுதான். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு பில் போடும் வேலை கிடைத்தாலும் நல்லதுதான். ஆனால் கடைக்கு வரும் வண்டிகள் எங்கே நிற்கும்? மனையை மண் கொட்டி உயர்த்தினால் மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மிதந்த முடிச்சூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

கேட்கவே மாட்டார்கள்!

சிறிய கட்டிடங்களுக்கு உள்ளாட்சியே அனுமதி கொடுக்கும். பெரிய கட்டிடம் என்றால் எழும்பூரில் இருக்கும் சி.எம்.டி.ஏ.வுக்குப் போகணும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டிட விதிகள்படி ரோட்டின் அகலம், பார்க்கிங், சுற்றிலும் விட வேண்டிய காலி இடம் எல்லாம் பார்ப்பார்கள். ரொம்பப் பெரிய கட்டிடம் என்றால் தீயணைப்புத் துறை, போக்குவரத்து போலீஸ் கருத்தும் உண்டு.

எல்லோரையும் கேட்கிறார்கள். அதே தெருவில் 20 வருஷமாகக் குடியிருப்பவரைத்தான் கேட்பதில்லை!

அமெரிக்காவில் பல ஊர்களில் இப்படி ஒரு கடைக்கு விதிவிலக்கோ, நில வகை மாற்றமோ கேட்டால் அந்த மனையிலேயே அறிவிப்புப் பலகை வைக்கிறார்கள். பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போகிறது. கூட்டம் போட்டு மக்களைப் பேச விட்ட பிறகுதான் முடிவு.

நம்ம ஊரிலும் ஒரு வழி இருக்கிறது. சி.எம்.டி.ஏ.யின் மாஸ்டர் பிளானில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் ஒரு வகை உண்டு. 'ஆதாரக் குடியிருப்பு' என்றால் அன்றாடத் தேவைக்கான சின்னக் கடைகளுக்குத்தான் இடம். பெரிய கடை கட்டணும் என்றால் நிலத்தை 'வணிகப் பகுதி' என்று மாற்றக் கேட்பார்கள். அப்போது பேப்பரில் விளம்பரம் கொடுத்து ஆட்சேபணை கேட்பது வழக்கம். அந்தப் பொடி எழுத்து விளம்பரத்தை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

50 மீட்டர் கணக்கு

'வணிகப் பகுதி' என்று மாறினால் இன்னொரு சிக்கலும் வரும். டாஸ்மாக் கடைக்கான 2003-ம் ஆண்டு விதிப்படி, மாநகராட்சி, நகராட்சிகளில் கோவில், பள்ளிக்கூடத்தில் இருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கணும். மற்ற இடங்களில் 100 மீட்டர். ஆனால் வணிகப் பகுதி என்று குறித்த இடத்துக்கு இந்தத் தூரக் கணக்கே கிடையாது. இன்று ஜவுளிக்கடைக்காக மாற்றிய இடத்தில் நாளை என்ன வேண்டுமானாலும் வரலாம்.

2021 நவம்பரில் 5 நகராட்சி, 5 பேரூராட்சிகளைச் சேர்த்து தாம்பரம் மாநகராட்சி ஆனது. மாடம்பாக்கம், பெருங்களத்தூர் போன்ற பழைய பேரூராட்சிகளில் 100 மீட்டராக இருந்தது, விதிப்படி 50 ஆகிவிட்டது. அந்தக் கணக்கிலும் கோவில் உண்டு, பள்ளி உண்டு. வீடு மட்டும் இல்லை. சுப்ரீம் கோர்ட்டு உத்தரவால் 2017 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் கடைகள் மூடப்பட்டு, ஊருக்குள் இடம் தேடியபோது பெண்கள் தெருவுக்கு வந்து போராடியது இதனால்தான்.

என்ன செய்யலாம்?

தகர ஷீட்டு அடித்த அன்றே சர்வே நம்பரை விசாரியுங்கள். அது எந்த வகை நிலம் என்று சி.எம்.டி.ஏ. இணையதளத்திலேயே பார்க்கலாம். அனுமதி வாங்கிய பிளானில் பார்க்கிங் எங்கே, எத்தனை மாடி என்று 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். நலச்சங்கம் சார்பில் எழுத்தில் ஆட்சேபணை கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

மாநகராட்சியில் கிராமசபை கிடையாது. பகுதி சபா உண்டு. 2022 நவம்பர் 1-ந்தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்ட பகுதி சபா கூட்டமே நம்ம தாம்பரம் மாநகராட்சி பம்மலில்தான் நடந்தது. அந்தக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் கேளுங்கள்.

கட்டி முடித்த பிறகு கத்திப் பலன் இல்லை. விதியை மீறிக் கட்டிய கட்டிடங்களுக்கே 1999-க்கு முந்தியது என்று ஒரு தடவை, 2007-க்கு முந்தியது என்று இன்னொரு தடவை வரன்முறை செய்யச் சட்டம் வந்த மாநிலம் இது.

கடை திறப்பு விழாவுக்கு நமக்கும் அழைப்பு வரும். அதற்கு முன்னால், பிளான் போடும்போதே நம்மைக் கேட்டிருக்க வேண்டாமா?