ஆசிரியர் உரை: தாளம் யார் கையில்?

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் நம் ஆட்களுக்குத் தூக்கம் கிடையாது. கோட்டை மாரியம்மனோடு சேர்ந்து குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று ஊர் முழுக்கப் பண்டிகை இறங்கிவிடும். வண்டி வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைவதற்குள் பக்கத்துத் தெருவில் கச்சேரி தொடங்கியிருக்கும். கச்சேரி என்றால் முன்பு பத்துப் பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்குவார்கள். இப்போது பண்டிகைக் கமிட்டியாகட்டும், ரிசப்ஷன் பார்ட்டியாகட்டும், பல இடங்களில் கேட்பது இரண்டே பேரைத்தான். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட். பாடகர் வேண்டாம், பிஜிஎம் போதும் என்கிறார்கள்.

எல்லாம் செலவைக் குறைக்கத்தான் என்று சீனியர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். தொடக்கம் அதுவாக இருக்கலாம். ஆனால் இந்த இருவர் கச்சேரிக்கு இப்போது தனி ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது. சிந்த் லீட் ஏறி, பேடில் கிக் விழுந்ததும் பையன்கள் மொபைலைத் தூக்குகிறார்கள்; பாட்டுக்குத் தூக்குவதில்லை. இதைப் பஞ்சத்துக்கு வந்த ஏற்பாடு என்று நாமே மட்டம் தட்டிக்கொண்டிருந்தால் நஷ்டம் நமக்குத்தான். இனி இது எப்படி வளரப்போகிறது என்பதுதான் என் கவலை.

வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1985ல் ரோலண்ட் கொண்டுவந்த பேட்-8ல் எட்டுத் தட்டுகள் இருந்தன, சொந்தக் குரல் இல்லை. மிடி ஒயர் போட்டு வேறொரு கருவியை ஒலிக்கவைக்க வேண்டும். 1990களின் கடைசியில் வந்த எஸ்பிடி-20ல் டிரம் செட்டும் தபலாவும் மற்ற கை வாத்தியங்களும் உள்ளேயே இருந்தன. ஆர்க்கெஸ்ட்ராவில் மூன்று நான்கு தாளக்காரர்கள் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் நின்றார். இன்னொரு பக்கம் யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசை போன்ற கீபோர்டுகள் இந்தியத் தாளங்களை ஸ்டைலாகவே போட்டுக் கொடுத்தன. இடது கையால் கார்டைப் பிடித்தால் பேஸ், கிடார், தாளம் மூன்றும் தானாக ஓடும். வயலின், டிரம்பெட், கிடார்க்காரர்கள் ஒவ்வொருவராக மேடையை விட்டு இறங்கிக்கொண்டார்கள். மிச்சம் இருவர்.

அதிலும் ஒருவர் பாதிதான் மிச்சம். ஸ்டைல் ஓடத் தொடங்கியதும் தாளத்தின் முதலாளி கீபோர்டுக்குள் இருக்கும் சிப்தான். பேட் வாசிப்பவர் அதன்மேல் கறிவேப்பிலை தூவுகிறார். ரோல் அடிக்கிறார், கிராஷ் போடுகிறார், முடியும்போது கையைத் தூக்கிக் காட்டுகிறார். அவர் நடுவில் தண்ணீர் குடிக்கப் போனாலும் கச்சேரி நிற்காது. கீபோர்டுக்காரர் பார்ட்டியிடம் பேசி முடித்த தொகையில் பேடுக்குப் போவது வெறும் பேட்டாவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். நின்றால் தெரியாத ஆளுக்கு யார் சரிபாதி கொடுப்பார்கள்?

கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காடு மலையைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு மொட்டை மாடியில் அப்படி ஒரு ஜோடி ரிகர்சல் பார்ப்பதைக் கேட்டேன். கீபோர்டுக்காரர் சர்ச்சில் வாசித்துப் பழகியவர். பேட் வாசிக்கும் தம்பி பம்பைக்காரர் வீட்டுப் பிள்ளை. எஸ்பிடி-20ல் வெளியிலிருந்து ஒலி ஏற்ற வழியில்லை. அதனால் உள்ளிருப்பதை வைத்தே பம்பையைக் கட்டியிருந்தார். மேல் வரிசையில் ஒரு டாமின் சுருதியை மாற்றி, அதோடு லேசாக உலோக ஒலி ஒன்றை ஒட்டி வெங்கலப் பம்பை. அதற்கு நேர் கீழே அதே டாம், உலோகம் இல்லாமல், அடைத்த குரலில். அது மரப் பம்பை. அப்பாவின் வாத்தியத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருக்கும் இரண்டும் தட்டிலும் அதே வரிசையில் இருந்தன. குச்சி நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்.

"ணா, ஸ்டைல நிறுத்துங்க. நானே அடிக்கிறேன்."

"கீழ காலியாயிடும்டா. பேஸ் யாரு போடுறது?"

"உங்க லெஃப்ட் ஹேண்ட் சும்மாதானே கெடக்குது?"

நிறுத்தினார்கள். முதல் தடவை காலியாகத்தான் இருந்தது. கார்டு பிடித்தே பழகிய இடது கைக்குப் பேஸ் நடை வரவில்லை. கீபோர்டை ஸ்ப்ளிட்டில் போட்டு, கீழே ஃபிங்கர் பேஸ் வைத்து, மேலே லீடில் பாதி சங்கதிகளைக் கழித்துவிட்டு வாசித்ததும் மூன்றாவதாக ஒரு ஆள் வந்து நின்றதுபோல் நிறைந்துவிட்டது. 130ல் தொடங்கியது 138ல் போய் முடிந்ததை மொபைல் மெட்ரோனோம் காட்டிக்கொடுத்தது. கீபோர்டுக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அது குறையாகப் படவில்லை. சாமி இறங்கும் நேரத்தில் பம்பைக்காரர் வேகம் ஏற்றாமலா அடிக்கிறார்? தெரிந்து ஏற்றினால் சரி, பதறி ஓடினால்தான் பிழை.

தாளம் யார் கையில் என்ற இதே கேள்வியோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டிய ஒரு ஜோடி அமெரிக்காவில் இருக்கிறது. பிட்ஸ்பர்க் ஊரில் உருவான ஸோம்பி. ஸ்டீவ் மூர் சிந்தசைசரும் பேஸ் கிடாரும் பார்த்துக்கொள்ள, ஏ.ஈ. பட்டேரா டிரம்ஸ். பாடகர் கிடையாது. இத்தாலியப் பேய்ப் படங்களுக்கு வாசித்த காப்ளின் குழுவின் பின்னணி இசையில் கிறங்கித் தொடங்கியவர்கள்; குழுவின் பெயரே, காப்ளின் இசையமைத்த ஜார்ஜ் ரொமேரோ படம் ஒன்றின் இத்தாலியத் தலைப்புதான். பிஜிஎம் வாசிக்கிறோமே என்று கூசுகிற நம் தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். 2004ல் வந்த 'காஸ்மோஸ்' ஆல்பத்தில் சீக்வென்சர் ஒரு பக்கம் அசராமல் ஓட, டிரம்ஸ் அதோடு மோதும். 2009ல் 'ஸ்பிரிட் அனிமல்' கிடாரைச் சேர்த்துக்கொண்டது. 2011ன் 'எஸ்கேப் வெலாசிட்டி' மறுபடி இயந்திர நடைக்குப் போனது. அப்போது இருவரும் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு ஃபைல் அனுப்பியே வேலையை முடித்தார்கள். 2013ல் காப்ளினோடு சேர்ந்தே சுற்றுப்பயணம் போய் வந்தார்கள். அடுத்து 2015ல் 'ஷேப் ஷிஃப்ட்'. அதில் டிரம்ஸ் முன்னுக்கு வந்துவிட்டது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பது காதில் விழுகிறது. இந்த ஆல்பங்களை வரிசையாகக் கேளுங்கள். என்ன சிந்த் வாங்கினார்கள் என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் யார் யாருக்குப் பின்னால் போகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள்.

ப்ரூக்ளினின் ராட்டடாட் ஜோடியிடம், மைக் ஸ்ட்ரௌட், இவான் மாஸ்ட் இருவரிடமும், எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. 2004ல் வெளிவந்த முதல் ஆல்பத்தை வீட்டிலேயே லேப்டாப்பில் முடித்தார்கள். குரல் இருக்க வேண்டிய இடத்தில் கிடார் மெட்டு. அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று ஹார்மனி அடுக்குகள். நாம் பாட்டின் பல்லவியை ஃப்ளூட் டோனில் வரிக்கு வரி வாசிக்கிறோம். பாடகர் வராத குறைதான் அதில் அப்பட்டமாகத் தெரிகிறது.

இயந்திரம் தாளம் பிடிப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. சொன்னால் சரண்ஜித் சிங் என்னை மன்னிக்கமாட்டார். பம்பாய் சினிமா ஸ்டுடியோக்களில் கிடாரும் கீபோர்டும் வாசித்தவர், கல்யாண மேடைகளிலும் வாசித்தவர், நம் ஜாதி. 1982ல் ரோலண்டின் டிஆர்-808, டிபி-303, ஜூபிடர்-8 மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்று சீந்துவாரில்லை. 2010ல் ஒரு டச்சு லேபிள் மறுபடி வெளியிட்டதும்தான், சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்று பின்னால் பெயர்பெற்ற ஒலி இங்கே முன்பே வந்துவிட்டது என்று உலகம் வாயைப் பிளந்தது. அவர் கையில் இருந்ததும் மிஷின்தான். ஆனால் கம்பெனி போட்டுக்கொடுத்த ஸ்டைலை அவர் ஓடவிடவில்லை. உட்கார்ந்து தானே புரோகிராம் செய்தார். நாமே கட்டிய லூப் ஓடட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. 'டப்பாங்குத்து 2' என்று கடைக்காரர் ஏற்றிக்கொடுத்தது ஓடும்போது தருமபுரியிலும் திருச்செங்கோட்டிலும் ஒரே கச்சேரிதான் நடக்கிறது.

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து நகருக்கு வரும் ஏற்காடு சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸின் வளைவு நிற்கிறது. 1935ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா கம்பெனி. 1950ல் 'மந்திரி குமாரி'க்கு ஜி. ராமநாதன் மெட்டுப் போட்டது இந்தக் கம்பெனிக்குத்தான். அந்தச் சாலையில் வசித்துக்கொண்டு நாம் சென்னையிலிருந்து வரும் பிஜிஎம்மை மட்டுமே நம்பியிருக்கிறோம். இதில் தொழில் ஆபத்தும் உண்டு. கல்யாணம், அதையொட்டிய விழாக்கள், மதச் சடங்குகள் ஆகியவற்றில் சினிமா இசை வாசிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு விலக்குத் தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை மறுபடி தெளிவுபடுத்தியது. ஓட்டலில் நடக்கும் நியூ இயர் பார்ட்டிக்கு அந்த விலக்கு கிடையாது. அதே கச்சேரியை யூடியூபில் ஏற்றினாலும் கிடையாது. வீடியோ முடங்கிப்போய் நமக்குப் போன் போடுபவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சொந்தமாக நாலு மெட்டு இருந்தால் அந்தத் தலைவலி இல்லை.

ஆகவே இந்த ஆடிக்கு ஒரு வேண்டுகோள். கச்சேரிக்கு இரண்டு உருப்படியாவது ஸ்டைல் இல்லாமல் வாசியுங்கள், அதில் ஒன்று சொந்த மெட்டாக இருக்கட்டும். கமிட்டிக்காரர்களிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டுவிட்டு அவர்களே பேசட்டும். மிக்சரிலிருந்து நேராக ரெக்கார்டு எடுத்து நமக்கு அனுப்புங்கள். பான் குமிழில் கீபோர்டை முழுக்க இடப்பக்கமும் பேடை முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டு எடுத்தால் யார் என்ன வாசித்தார் என்று தனித்தனியாகக் கேட்க முடியும். எக்கோவைக் குறைத்துவிடுங்கள். ஆடிப் பதினெட்டுக்குள் வந்து சேர்ந்தால் அடுத்த இதழிலேயே விரிவாக எழுத வசதியாக இருக்கும்.