நகலெடுக்க வேண்டாம், இணைத்துவிடுங்கள்

வரைபடக் கோப்பு வந்ததும் அதை அப்படியே டேட்டாபேஸில் நகலெடுத்து வைப்பதுதான் பல இடங்களில் வழக்கம். மூலத்தில் ஒரு வார்டு எல்லை திருத்தப்பட்டால் போதும், நகல் பழசாகிவிடும். அது யாருக்கும் தெரியவும் தெரியாது. போஸ்ட்கிரெஸ் 2011இல் வந்த 9.1 பதிப்பிலேயே வெளித்தரவை அட்டவணையாகப் படிக்க வழிசெய்துவிட்டது. ஓஜிஆர் எஃப்டிடபிள்யூ நீட்சியைச் சேர்த்தால் ஷேப்ஃபைலும் டபிள்யூஎஃப்எஸ் சேவையும் சாதாரண டேபிள்களாகவே நிற்கும். நம் முகவரிப் பட்டியலோடு நேரே ஜாயின் போடலாம். இதைவிட்டு நகலெடுப்பது வீண்வேலை என்பேன். ஆயத்தொலை முறையை மட்டும் முதலில் பாருங்கள். அதன் எண் ஒரு பக்கம் 4326, மறுபக்கம் 32644 என்றிருந்தால் போஸ்ட்கிரெஸின் வரைபட நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ் தூரத்தைக் கணக்கிட மறுத்துவிடும். இரண்டும் 4326இல் ஜியோமெட்ரி வகையாக இருந்தாலோ, விடை மீட்டரில் வராது, டிகிரியில் வரும். நகலெடுப்பதற்கு ஒரே விதிவிலக்கு: ஓயாமல் கேட்கப்படும் தரவுக்கு மட்டும் மெட்டீரியலைஸ்டு வியூவும் இன்டெக்ஸும் போட்டு, இரவுதோறும் புதுப்பியுங்கள்.