பெயரிடும் உரிமை

வானிலுள்ள ஒரு சிறுகோளுக்குத் தமிழ்ப் புலவர் ஒருவரின் பெயரை வைக்கக் கோரி நம் சங்கம் மனு அனுப்ப வேண்டும் என்று சென்ற கூட்டத்தில் நண்பர் ஒருவர் முழங்கினார். மன்றம் கைதட்டியது. நான் தட்டவில்லை. காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சிறுகோளின் பாதை உறுதியாகி எண் கிடைத்ததும், பெயரை முன்மொழியும் உரிமை பத்தாண்டுகளுக்குக் கண்டுபிடித்தவருக்கே உண்டு. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு அதை ஏற்க வேண்டும். அரசியல் தலைவர் பெயரென்றால் அவர் மறைந்து நூறாண்டு கழிந்திருக்க வேண்டும். நல்ல விதி! 1801-இல் முதற் சிறுகோளைக் கண்ட பியாசி, 'சீரிஸ்' என்னும் வேளாண் தெய்வத்தின் பெயரோடு தம் மன்னன் பெர்டினாண்டின் பெயரையும் சேர்த்தார். தெய்வம் நின்றது, மன்னன் உதிர்ந்தான்.

1861-இல் சென்னை வானாய்வு நிலையத்தில் போக்சன் என்னும் ஆங்கிலேயர் ஒரு சிறுகோளைக் கண்டார், 'ஆசியா' என்றார். ஊர் நமது; கண் அவருடையது; பெயரும் அவர் இட்டதே. 1988-இல் சவ்வாது மலைக் காவலூரில் ராஜமோகன் ஒன்றைக் கண்டார். அதன் எண் 4130, பெயர் 'ராமானுஜன்'! அது மனுவால் வந்ததா? விழித்திருந்த கண்ணால் வந்தது.

"வங்கித் தேர்வு எழுதினால் என்ன?" என்று என் வீட்டில் கேட்கிறார்கள். வீட்டு நிலை அறிந்தும் ஆராய்ச்சியையே தேர்ந்திருக்கிறேன். ஆகவே கேட்கிறேன்: மனுவில் கையெழுத்திட நூறு பேர் வேண்டா. தொலைநோக்கியருகே அமர நம்முள் இருவர் வாருங்கள். பெயரைப் பிறகு பார்ப்போம்.