இளஞ்சிவப்பில் ஒளிந்தது
2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஈ.கோலை பாக்டீரியாத் தொற்றைப் பற்றி மறுபடியும் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் அநியாயமாகப் பழி விழுந்து, கடைசியில் முளைகட்டிய வெந்தயத்தில் போய் நின்ற கதை உங்களுக்குத் தெரியும். எனக்கு ஆய்வகத் தட்டின் மேல்தான் கண். ஆபத்தான ஈ.கோலை என்றாலே அதுவரை பெரும்பாலும் ஓ157 என்ற வகைதான். அதைப் பிடிக்கவே சார்பிட்டால் மெக்கான்கி அகார் என்றொரு வளர்ப்பு ஊடகம் இருக்கிறது. அதிலுள்ள பித்த உப்பு வேண்டாத கூட்டத்தை அடக்கிவிடும், சாதாரண ஈ.கோலை சார்பிட்டாலைத் தின்று இளஞ்சிவப்பாகும். ஓ157 சீக்கிரத்தில் அதைத் தொடாது, வெளிறித் தனியே தெரியும். கெட்டிக்காரப் பொறி, சந்தேகமில்லை. ஆனால் 2011இல் வந்த ஓ104 சார்பிட்டாலைத் தின்கிற ரகம்! தேர்க்கூட்டத்தில் திருநீறு பூசிய ஜேப்படித் திருடன் மாதிரி, அந்தத் தட்டில் அதுவும் இளஞ்சிவப்புதான். நாம் முன்பே சந்தேகப்பட்டவனை மட்டும் காட்டிக்கொடுக்கும் சாட்சி இந்தத் தட்டு. உணவுப் பரிசோதனை அறிக்கையில் ‘கிருமி இல்லை’ என்றிருந்தால், எந்தக் கிருமியைத் தேடினார்கள் என்றும் கேளுங்கள். சரியான கிருமியைத் தேடினாலும் போதாது: எகிப்திலிருந்து வந்த அந்த வெந்தய விதைகளில் ஓ104 கடைசிவரை கிடைக்கவேயில்லை; உணவகங்களில் யார் எதைச் சாப்பிட்டார்கள் என்ற விசாரணையும் விதை வந்த வழியைத் துருவியதும்தான் துப்புக் கொடுத்தன.