முழங்கால் ஜவ்வும் என்சைம் மாத்திரையும்

சங்க விழாக்களில் இப்போதெல்லாம் ஜமக்காளத்தில் உட்காருபவர்களைவிட நாற்காலி தேடுபவர்களே அதிகம். "முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறதாம், கீழே உட்காரக் கூடாதாம்" என்று ஒருவர் ஆரம்பித்தால், பக்கத்தில் இருப்பவர் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரைப் பட்டையை எடுத்து நீட்டுகிறார். "என்சைம் மாத்திரை சார். ரெண்டு மாசம் போடுங்க, ஜவ்வு தானே ஒட்டிக்கும்" என்கிறார். நல்ல மனதுடன்தான் சொல்கிறார். ஆனால் அது சரியல்ல.

முழங்காலில் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு ஜவ்வுகள் இருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றை மெனிஸ்கஸ் என்பார்கள். உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குவது இவற்றின் வேலை. ரத்த ஓட்டம் ஜவ்வின் வெளி ஓரத்தில் மட்டுமே உண்டு. உட்பகுதிக்கு ரத்தம் எட்டுவதில்லை. கையில் கத்தி பட்டால் பத்து நாளில் ஆறுகிறது. ஜவ்வின் உட்பகுதி கிழிந்தால் ஆறுவது அரிது என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. வயது வந்தவர்களின் ஜவ்வில் கொலாஜன் என்ற நார்ப்பொருள் மிக இறுக்கமாகப் பின்னியிருக்கிறது. பழுது பார்க்க வேண்டிய செல்கள் கிழிந்த இடத்துக்கு நகர்ந்து வர வழியில்லை.

என்சைம், அதாவது நொதி, உண்மையில் உதவக்கூடிய இடம் இதுதான். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மாக் என்பவரின் ஆய்வுக் குழு, கொலாஜனைக் கரைக்கும் கொலாஜனேஸ் என்ற நொதியை மிகச் சிறிய அளவில், கிழிந்த விளிம்பில் மட்டும் படும்படி வைத்துப் பார்த்தது. பழைய சுவரில் புதுப் பூச்சு பிடிக்க வேண்டுமென்றால் கொத்தனார் முதலில் சுவரைக் கொத்திவிடுவார் அல்லவா? அதே யோசனைதான். விளிம்பு சற்றுத் தளர்ந்ததும் செல்கள் உள்ளே நுழைந்தன. வெட்டுண்ட பகுதிகள் முன்னைவிட நன்றாக இணைந்தன. 2015லும் 2017லும் இந்த முடிவுகள் வெளியாயின. 2017 ஆய்வில் நொதியோடு, செல்களை அழைத்து வரும் ஒரு வளர்ச்சிப் புரதத்தையும் நுண்ணிழை வலையில் ஏற்றி வைத்தார்கள்.

இவையெல்லாம் மாட்டு ஜவ்வை வைத்து ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனைகள். மனித முழங்காலுக்கு அங்கீகாரம் பெற்ற சிகிச்சையாக இது இன்னும் வரவில்லை. அதில் அவசரப்படவும் கூடாது. மூட்டுத் தேய்மானத்தில் குருத்தெலும்பை அரித்துத் தின்பதும் இதே வகை நொதிகள்தான். அளவும் இடமும் தவறினால் மருந்தே நோயாகிவிடும்.

சரி, நம் கைப்பையிலுள்ள மாத்திரை? அது பெரும்பாலும் செர்ரேஷியோபெப்டிடேஸ், அல்லது ட்ரிப்சின் கலந்த ஒன்று. வீக்கம் குறைய என்று எழுதித் தரப்படுவது. வயிற்றுக்குள் போன நொதி, கிழிந்த ஜவ்வைத் தேடிப்போய் ஒட்டவைக்கிறது என்பதற்குச் சான்று கிடையாது. செர்ரேஷியோபெப்டிடேஸை முதலில் கொண்டுவந்த ஜப்பானிலேயே, வெற்று மாத்திரையைவிட அது மேலானது என்று நிரூபிக்க முடியாமல் 2011ல் விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

மாத்திரையில் குணமாகவில்லை என்றதும் நம்மவர்கள் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள்: "ஆபரேஷன் செய்து கிழிந்ததை எடுத்துவிடலாம்." ஜவ்வை எடுத்த முழங்காலில் எலும்பு மாறுதல்கள் வருவதை பிரிட்டனின் ஃபேர்பேங்க் என்ற மருத்துவர் 1948லேயே எழுதிவிட்டார். ஃபின்லாந்தில் 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேரிடம் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2013ல் வெளியானது. வயதால் நைந்து கிழிந்த ஜவ்வு அவர்களுக்கு. ஒரு பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை நீக்கினார்கள். மறுபாதிக்கு அறுவை செய்வது போன்ற பாவனை மட்டும். ஓராண்டு கழித்து இரு சாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

எல்லா ஆபரேஷனும் வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. முழங்கால் மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டால், விளையாடும் பிள்ளைக்கு அடிபட்டுக் கிழிந்தால், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். தைக்கக்கூடிய கிழிசலைத் தைப்பதே நல்லது.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஊரிலிருந்து வந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. டாக்டர் ஐந்து நிமிடம் பேசுவதை மகன் அரை நிமிடத்தில் மொழிபெயர்த்து முடிக்கிறான்; அம்மா தலையாட்டுகிறார். தீர்மானம் ஆகிவிடுகிறது. அப்படிச் செய்யாமல் மூன்று கேள்விகளையாவது டாக்டரிடம் கேளுங்கள். கிழிசல் அடிபட்டு வந்ததா, வயதால் வந்ததா? தைக்க முடியுமா? தொடைத் தசைக்கான பயிற்சியைச் சில மாதம் செய்து பார்க்கலாமா? பதிலை அம்மாவுக்கு முழுமையாகத் தமிழில் சொல்லுங்கள். முழங்கால் அவருடையது.

நொதி ஒருநாள் நம் ஜவ்வை ஆற்றும் என்றே நான் நம்புகிறேன். அந்த நாள் வரும்போது ஆற்றுவதற்கு முழங்காலில் ஜவ்வு மிச்சமிருக்க வேண்டும் அல்லவா?