சித்திரமும் வாசிப்பும்

ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகள் ஒரே குரலில் ராகம் போட்டுப் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுப் பெற்றோர் பலர் மகிழ்கிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து, பக்கத்தின் நடுவே ஒரு வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னால் உண்மை வெளிப்பட்டுவிடும். பாடம் காதில் ஏறியிருக்கிறதேயன்றிக் கண்ணில் ஏறவில்லை. சித்திரத்தைக் கொண்டு போதிப்பதே இக்குறைக்குத் தக்க பரிகாரம் என்பது நமது அபிப்பிராயம்.

இது நேற்று முளைத்த மோஸ்தர் அன்று. மொராவியாவில் பிறந்த கொமீனியஸ் என்னும் கல்விமான், படமும் அதற்குரிய சொற்களும் சேர்ந்த பாலபாட நூலொன்றை 1658-ம் வருஷத்திலேயே வெளியிட்டார்.

தமிழுக்கு இம்முறை விசேஷமாகப் பொருந்தும். நம் மொழியில் ஓர் எழுத்தே இடத்திற்கேற்ப ஒலி மாறுகிறது. 'பம்பரம்' என்ற சொல்லில் இரண்டு பகரங்களும் ஒன்றுபோல ஒலிப்பதில்லை. எழுத்தை மாத்திரம் கூட்டிப் படிக்கும் குழந்தை இங்கே தடுமாறும். படத்தைக் கண்டு அப்பெயரை முன்னரே வாயாரச் சொன்ன குழந்தைக்கோ சரியான ஒலி தானே வந்துவிடும்.

ஆயினும் இதில் ஓர் அபாயமும் உண்டு. 'ஆடு' என்று அச்சிட்டிருக்க, படத்தைப் பார்த்து 'ஆட்டுக்குட்டி' என்று சொல்லும் பிள்ளை வாசிக்கவில்லை, ஊகிக்கிறது. ஆகையால் உபாத்தியாயர் முதலில் படத்தைக் காட்டிப் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். அவர்கள் சொன்ன சொற்களையே கரும்பலகையில் எழுதி, எழுத்தெழுத்தாகச் சுட்டிக் காட்ட வேண்டும். பிறகு படத்தை மறைத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உரக்க வாசிக்கச் செய்தல் வேண்டும். இக்கடைசிப் படியைக் கைவிட்டால் சித்திரம் வெறும் வேடிக்கையாகவே முடியும்.

எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் அனைவரும் 2025-க்குள் எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டுமென்று தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கினர். திட்டம் சர்க்காருடையதாயினும் பிள்ளைகள் நம்முடையவர்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி, சர்க்கார் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருத்தல் வேண்டும். மேடைதோறும் மொழிப்பற்றை முழக்கும் நண்பர்கள் இந்த உரிமையை உபயோகித்ததுண்டா? அவர்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்குச் சென்று, வகுப்பின் கடைசி வரிசையிலுள்ள பிள்ளை வாசிப்பதைப் பொறுமையுடன் கேட்கட்டும். அப்பிள்ளை தடையின்றி வாசிக்கும் நாளே தமிழுக்கு நல்ல நாள்.